கட்டி அல்ல என்பதற்கான சான்றிதழ்

கருவில் இருக்கும் குழந்தை கட்டி அல்ல என்று சான்றிதழ் கொடுப்பது என் வேலை. மாவட்ட உயிரணுக் கட்டுப்பாட்டு அலுவலகம், முதல் மாடி, 'இ' பிரிவு, கண்காணிப்பாளர் செண்பகவல்லி என்றால் இந்த ஊரில் கர்ப்பிணிகள் எழுந்து நிற்பார்கள். மரியாதையால் அல்ல, பயத்தால். பதினோரு வருடத்தில் நான் திருப்பிய கோப்புகளை அடுக்கினால் கூரை இடிக்கும் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அது பொய். நான் எதையும் அடுக்கி வைக்க விடுவதில்லை. அன்றன்றைக்கே தபாலில் போய்விடும்.

அன்று புரட்டாசி இரண்டாம் தேதி. காலையில் முதல் ஆளாக ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். பெயர் இசக்கிமுத்து. மனைவியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு விண்ணப்பத்தை என் மேஜையில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன், எறிந்தார்.

"எம் புள்ள கட்டி இல்லேன்னு நான் எழுதிக் குடுக்கணுமா மேடம்? இது எந்த ஊரு நியாயம்?"

இப்படிக் கேட்பவர்களை அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவது என் வழக்கம். அங்கே மருத்துவ அலுவலர் ரஹ்மத் பேகம் இருக்கிறாள். முப்பத்தாறு வயது, தலை முழுக்க நரை. முப்பது தாண்டினால் எல்லோருக்கும் அப்படித்தான், ஆனால் எல்லோரும் சாயம் பூசிக்கொள்வோம். இவள் பூச மாட்டாள். ஒரே பாடத்தை நாள் முழுக்க அலுக்காமல் சொல்வாள்.

"உக்காருங்கண்ணே. உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் ஒரு காவக்காரன் இருக்கான். அதுவும் ஒரு மரபணுதான். செல்லு பழுதாச்சுன்னா, நீ பெருகாதேன்னு நிறுத்துவான். சரிபண்ணப் பாப்பான். முடியலையா, அந்தச் செல்லையே சாகச் சொல்லிடுவான். அந்தக் காலத்துல செல்லுக்கு ரெண்டு பேருதான். அப்பா வழியா ஒருத்தன், அம்மா வழியா ஒருத்தன். ரெண்டு பேரும் கெட்டுப்போனா கேக்க ஆளில்லாம செல்லு கண்டபடி பெருகும். பெரும்பாலும் புத்துநோய் அப்படி வந்ததுதான்."

"தெரியும் டாக்டரம்மா. யானைக்கு இருவது ஜோடி இருக்குன்னு பாத்து நமக்கும் போட்டாங்க. பள்ளிக்கூடத்துல பாட்டே உண்டே."

"அதேதான். இப்ப நமக்கு நாப்பது பேரு. புத்துநோயே இல்ல. ஆனா நாப்பது பேருக்கும் சந்தேக புத்தி, முப்பதுலயே நமக்கு நரைக்கிறதும் அதனாலதான். கரு என்ன செய்யுது? வேகமாப் பெருகுது. கர்ப்பப்பையத் துளைச்சு வேர் விடுது. அம்மா ரத்தத்தத் தன் பக்கம் இழுத்துக்குது. கட்டியும் இதைத்தானே செய்யும்? காவக்காரனுக்கு வித்தியாசம் தெரியல. பிடிச்சு முடிச்சிடுறான். அதனால நாப்பதாவது நாள்லேருந்து நாப்பத்தேழாவது நாளுக்குள்ள ஒரு விலக்கு ஊசி. கர்ப்பப்பைக்குள்ள மட்டும் அவன் பத்து மாசம் தூங்குவான். முன்னால போட்டா தாய்க்கு ஆபத்து. பின்னால போட்டா போட்டுப் பிரயோசனமில்ல."

இசக்கிமுத்து விடவில்லை. "அப்ப யானை எப்படிக் குட்டி போடுது? அதுக்கு யாரு ஊசி போடுறா?"

"யானைக்கு இயற்கை கோடிக்கணக்கான வருஷம் எடுத்துச் சொல்லிக் குடுத்துச்சு. நம்ம டெண்டர் மூணே வருஷத்துல முடிஞ்சிருச்சு."

அரசு அலுவலகத்தில் இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு விண்ணப்பத்தைப் புரட்டினேன். பதினோராவது கட்டம் காலி.

"மாமியார் சாட்சிக் கையெழுத்து எங்கே?"

"எங்கம்மா தவறிப் போச்சு மேடம்."

"அப்ப இறப்புச் சான்றிதழ் வெச்சிருக்கணும். இல்லேன்னா வீட்டுப் பெரியவங்க வேற யாராவது. கொண்டு வாங்க." முத்திரையை எடுத்துக் குத்தினேன். திருப்பப்படுகிறது.

பதினோராவது கட்டம் என் மூளையில் உதித்தது. அதற்கு எனக்குப் பாராட்டுப் பத்திரம்கூட உண்டு. பத்தாவது கட்டத்தில் கரு உண்டான தேதியைத் தம்பதியர் எழுத வேண்டும். அந்தத் தேதியை வைத்துத்தான் நாள் கணக்கு. ஸ்கேனை நம்ப முடியாது. காவலர்கள் கைவைத்த கரு வளராமல் நிற்பதால், ஆறு வாரக் கரு நாலு வாரம் போல் தெரியும். ஆகவே மனிதர் வாயில் வரும் தேதிதான் ஒரே ஆதாரம். மனிதர் வாயை நம்பலாமா? அதனால்தான் மாமியார் சாட்சி. பெரியவர்கள் முன்னால் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நான் குறிப்பு எழுதினேன். சென்னையில் அதை அப்படியே விதியாக்கினார்கள். கூடவே ஒன்பதாவது விதியும் சேர்ந்தது: தேதி பொய் என்று தெரிந்தால் விண்ணப்பம் அடியோடு தள்ளுபடி, அந்தக் கர்ப்பத்துக்கு மறு விண்ணப்பம் இல்லை. அதுவும் என் யோசனைதான்.

எங்களைக் குறை சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த ஊரின் பழைய புற்றுநோய் ஆஸ்பத்திரி இன்று கல்யாண மண்டபம். கதிர்வீச்சு கொடுத்த அறையில் பந்தி நடக்கிறது. சுவர் கனமாக இருப்பதால் சம்பந்திச் சண்டை வெளியே கேட்பதில்லை. கடைசிப் புற்றுநோயாளிக்கு முச்சந்தியில் சிலை இருக்கிறது. அவருடைய பிறந்தநாளுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறோம். ஒரு திட்டம் இவ்வளவு செய்த பிறகு, அது செய்த சின்னக் கோளாறைப் பார்த்துக்கொள்ள இன்னொரு துறை வேண்டாமா? அந்தத் துறை நாங்கள்.

பதினொரு மணிக்கு என் மருமகள் நித்திலா மாடியேறி வந்தாள்.

வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவளுடைய விண்ணப்பம் முந்தின வாரமே வந்துவிட்டது. பத்தாவது கட்டத்தில் ஆவணி ஐந்து என்று என் மகன் திருமாறன் எழுதியிருந்தான். பதினோராவது கட்டத்தில் நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். அன்றைக்கு இருபத்தெட்டாவது நாள். ஊசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. சொந்த மருமகள் என்று ஒருநாள் முன்னால்கூட நகர்த்த மாட்டேன் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

"அத்தை, வயிறு இழுத்துப் பிடிக்குது. காலையிலேருந்து லேசா படுது" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

ரஹ்மத் அவளை உள்ளறைக்கு அழைத்துப் போய் ஸ்கேன் கருவியை வைத்தாள். நானும் கூடவே போனேன். திரையில் ஒரு பயறு அளவு தெரிந்தது. அதன் நடுவில் ஒரு துடிப்பு விட்டு விட்டு மினுங்கியது.

"அளவு நாலு வாரம்" என்றாள் ரஹ்மத். "உங்க தேதிக்குச் சரியா இருக்கு. ஆனா துடிப்பு அறுபத்தெட்டு, நூறுக்கு மேல இருக்கணும். நாலு வாரக் கருவுல காவக்காரன் இன்னும் வேலைய ஆரம்பிச்சிருக்க மாட்டான். ரத்தமும் படாது. இது..." என்று நிறுத்தி நித்திலாவைப் பார்த்தாள். "நித்திலா, தேதி சரிதானே?"

"ஆவணி அஞ்சு" என்றாள் நித்திலா. சொல்லும்போது அவள் பார்த்தது டாக்டரை அல்ல, என்னை.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"ஆவணி அஞ்சுதான்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் மரபணுத் துறையில் இருப்பவள். அதே சமயம் ஆடி பிறந்ததும் புது மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைத்தவள். அறிவியலுக்கும் ஆடிக்கும் நான் ஒருநாளும் சண்டை மூட்டியதில்லை. ஆடியில் கரு தரித்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத் தலைவருக்கு ஆகாது. என் கணவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. எங்கள் குடும்பத் தலைவர் நான்தான். ஆடி முதல் தேதி நானே நித்திலாவைக் காரில் கொண்டுபோய் அவள் அம்மா வீட்டில் விட்டேன். "இந்த மாசம் திருமாறன் நிழல்கூட இந்தப் பக்கம் விழக் கூடாது" என்று சம்பந்தியம்மாளிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஆவணி மூன்றில் நானே போய் அழைத்து வந்தேன்.

"மேடம்" என்றாள் ரஹ்மத், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"என் ஆபீஸ்ல நான் வெளிய இருக்கணுமா?"

"அஞ்சு நிமிஷம்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் போனேன். நடைபாதைப் பெஞ்சில், கர்ப்பிணிகளுக்கும் மாமியார்களுக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சில் நான் உட்காருவது அதுதான் முதல் தடவை. பெஞ்சின் ஒரு கால் ஆடியது. பதினோரு வருடமாக அது ஆடுகிறது என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னாள்.

உட்கார்ந்த இடத்தில் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. ஆடிப் பெருக்கன்று திருமாறன் வீட்டில் இல்லை. திருச்சியில் ஒருநாள் பயிற்சி என்றான். பண்டிகை நாளில் எந்தக் கம்பெனி பயிற்சி வைக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிறர் விண்ணப்பத்தில் ஒரு புள்ளி விடுபட்டால் கண்டுபிடிக்கிறவளுக்குச் சொந்த மகன் சட்டையில் மருதாணிக் கறை இருந்தது கண்ணில் படவில்லை. பட்டது. பயிற்சியில் ஏதோ மை கொட்டிவிட்டதாக்கும் என்று நானே துவைத்துப் போட்டேன்.

ரஹ்மத் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். உள்ளே நித்திலா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள்.

"ஆடிப் பதினெட்டு" என்றாள் ரஹ்மத். "இன்னைக்கு நாப்பத்தாறாவது நாள். நாளைக்கு ஒருநாள்தான் பாக்கி. அந்தத் துடிப்பு நாளைக்கு வரைக்கும் தாங்காது மேடம். இப்பவே போடணும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று நித்திலாவைக் கேட்டேன். அதட்டலாகத்தான் வந்தது. எனக்கு வேறு குரல் தெரியாது.

"எப்படி அத்தை சொல்வேன்? சித்திரைப் பிள்ள உங்க உயிருக்கு ஆகாதுன்னு கல்யாணத்தன்னைக்கே சொன்னீங்க. தேதி எழுதின தாள்ல நீங்கதான் சாட்சி. உங்க முன்னால உக்காந்து எந்தக் கையால ஆடின்னு எழுதச் சொல்றீங்க? பன்னெண்டு நாள் எப்படியாவது தள்ளிடலாம்னு அவர் சொன்னார். காவக்காரன் தேதி பாக்கிறவன்னு எங்களுக்குத் தோணல."

ஊசி இருக்கும் குளிர்பெட்டியின் சாவி என் இடுப்பில் இருந்தது. கோப்பில் முத்திரை விழாமல் பெட்டியைத் திறந்தால் சென்னையில் மணி அடிக்கும். முத்திரை விழ வேண்டுமானால் தேதி மாற வேண்டும். தேதி மாறினால் ஒன்பதாவது விதி: பொய்த் தகவல், அடியோடு தள்ளுபடி. நான் எழுதிய விதி, நான் வைத்த முற்றுப்புள்ளி. ஒரு ஓட்டை வைத்திருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"ஒரே ஒரு வழி இருக்கு" என்றேன். "விண்ணப்பதாரர் சரியாச் சொன்னாங்க, அலுவலகத்துலதான் தப்பா ஏறிடுச்சுன்னு எழுதலாம்."

ரஹ்மத் புருவத்தைத் தூக்கினாள். "உங்க பிரிவுல தப்பே நடந்ததில்லையே மேடம். போர்டே மாட்டியிருக்கீங்க."

"கழட்டிடலாம்."

"பதினேழு பி மெமோ வரும். விசாரணை வெச்சுப் பென்ஷன்ல கைவைப்பாங்க."

"தெரியும் டாக்டர். நான் எத்தனை பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஆவணி ஐந்தை அடித்து ஆடி பதினெட்டு என்று எழுதினேன். ஓரத்தில் 'அலுவலகத் தவறு' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். முப்பது வருட சர்வீஸில் அந்த வார்த்தையை நான் எழுதியதில்லை. எழுத்து கோணலாக விழுந்தது. முத்திரையைக் குத்தி, சாவியைத் திருப்பி, ஊசி மருந்தை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஊசி போட்டதும் ரஹ்மத் திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள். பன்னிரண்டு மணிக்கு எழுபத்திரண்டு. பன்னிரண்டரைக்கு எழுபத்தொன்பது. ஒரு மணிக்குத் தொண்ணூறு. எனக்குச் சாப்பாட்டு நேரம் ஒன்று உண்டு என்பதே மறந்துபோனது. ஒன்றேகாலுக்கு நூற்றுப்பன்னிரண்டு என்று காட்டியதும் நித்திலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

"சித்திரை பாதியில பிறக்கும்" என்றாள் ரஹ்மத். "வீட்டுத் தலைவர் தயாரா இருங்க."

"வரட்டும், பாத்துக்கலாம்" என்றேன்.

ரஹ்மத் கை கழுவிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டாள். "மேடம், ஆவணி நலிவு அறிக்கைன்னு போன வருஷம் ஒண்ணு வந்துச்சே, உங்ககிட்டதானே இருக்கு?"

இருந்தது. மாநிலம் முழுவதும் ஆவணியில் உண்டாகும் கருக்கள்தான் அதிகம் கலைகின்றன என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு குழு போட்டார்கள். அக்குழு இரண்டு வருடம் ஆராய்ந்தது. மழைக்காலக் கொசுவாக இருக்கலாம் என்றது ஒரு தரப்பு. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையின் தேங்காய்ப் பூரணத்தைச் சந்தேகித்தது இன்னொரு தரப்பு. கொழுக்கட்டைத் தரப்பில் ஒருவர் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். ஊட்டியில் மூன்று நாள் மாநாடு நடந்தது. சிறந்த பதிவேடு பராமரிப்புக்காக என்னை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள்.

நான் பதிவேட்டை எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஆவணி நாலு, ஆவணி ஐந்து, ஆவணி மூன்று, ஆவணி ஐந்து. ஒவ்வொரு வருடமும் ஆவணி முதல் வாரத்தில் ஊரே சேர்ந்து கரு தரித்திருந்தது. ஆடியில் ஒன்றுகூட இல்லை. ஒரு மாவட்டத்தில், ஒரு மாதம் முழுக்க, ஒருத்திக்குக்கூட உண்டாகவில்லை என்று பதினோரு வருடமாகப் பதிவாகியிருக்கிறது. அதை நான் அழகான கையெழுத்தில் எழுதி, கூட்டிப் பார்த்து, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு மாமியாரின் சாட்சி. பலவற்றின் கடைசிக் கட்டத்தில் 'கரு நிற்கவில்லை, கோப்பு முடிக்கப்பட்டது' என்ற என் முத்திரை.

எழுந்து நடைபாதைக்குப் போனேன். முப்பத்தொரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் புரட்டாசி பதின்மூன்று, பதினான்கு என்று தேதி வாங்கிப் போக வந்தவர்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் மாமியாரோ, நாத்தனாரோ, பெரியம்மாவோ. எல்லோரும் வழக்கம்போல எழுந்து நின்றார்கள்.

"கூட வந்தவங்க எல்லாரும் கீழ போங்க" என்றேன்.

"நாங்கதானே மேடம் சாட்சி?" என்றாள் ஒரு மாமியார்.

"அதான் போங்கன்னு சொல்றேன். கீழ டீ வாங்கித் தரச் சொல்லியிருக்கேன். நான் கூப்பிடுற வரைக்கும் ஒருத்தரும் மேல வரக் கூடாது."

யாரும் அசையவில்லை. என் அதட்டல் அன்றைக்குத்தான் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. இரண்டாம் முறை சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். படிக்கட்டுக் கதவை நானே சாத்தித் தாழ்போட்டேன்.

"என் மருமகளுக்கு ஆடிப் பதினெட்டு" என்றேன் அந்தப் பெண்களிடம். "ஆவணின்னு எழுதியிருந்தா. இப்பத்தான் மாத்திட்டு வரேன். வேற யாருக்காவது மாத்தணுமா? ஒரு கேள்வி கேக்க மாட்டேன். ஒன்பதாவது விதி இன்னைக்குக் கிடையாது."

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு சுவரோரம் நின்றவள் ஒருத்தி கையைப் பாதி தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு நான் எண்ண வேண்டியிருந்தது. பத்தொன்பது கைகள். ரஹ்மத் ஊசிப் பெட்டியோடு வந்து நின்றாள். ஒவ்வொருத்தியாக என் மேஜைக்கு வந்து, காதோடு காதாக ஒரு தேதி சொன்னாள். நான் அடித்து எழுதினேன், ரஹ்மத் நாள் கணக்குப் பார்த்தாள். நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து. நாற்பத்தேழு, சீக்கிரம் உள்ளே வாங்க. நாற்பத்துநாலு. ஒவ்வொன்றுக்கும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

பத்தாவதாக வந்தவள் பெயர் பொன்மாரி. இருபத்துமூன்று வயதிருக்கும். பஞ்சாலைச் சீருடையோடு வந்திருந்தாள். ஆடி பன்னிரண்டு என்றாள். சொல்லிவிட்டு ரஹ்மத் பார்க்கும் முன்னால் அவளே விரல்விட்டு எண்ணினாள்.

"அம்பத்திரெண்டு ஆகுது மேடம்" என்றாள். "அஞ்சு நாள்தானே கூட? கொஞ்சம் பாத்துப் போட்டு விடுங்க மேடம்."

ரஹ்மத் ஸ்கேனை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். இத்தனை வருடமும் விதியைக் காட்டிக் காட்டி ஆட்களைத் திருப்பியவள் நான். தளர்த்துங்கள் என்று ஒருத்தி கேட்கும்போது தளர்த்த வேண்டும் என்று முதல்முறையாக ஆசைப்பட்டேன். ஆனால் அந்த ஐந்து நாள் என் விதியில் இல்லை. அது அவள் உடம்புக்குள் முடிந்து போயிருந்தது.

பொன்மாரிக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அத்தைகிட்ட என்ன மேடம் சொல்றது?" என்று கேட்டாள்.

"ஆபீஸ் தப்புன்னு சொல்லு. நானும் வந்து சொல்றேன்."

அவள் கோப்பை எடுத்து ஓரத்தில் அப்படியே எழுதினேன். அலுவலகத் தவறு. நித்திலாவின் கோப்பில் அது பொய். இதில் பொய் இல்லை. சுருக்கொப்பம் போதாது என்று தோன்றியது. முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.